‘நல்லா இருந்துச்சா?’

கல்லூரி முடிந்து பதினெட்டு வருடம் கழித்து நாங்கள் நான்கு பேர் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதுமே ஒருத்திக்கு வாந்தி. இன்னொருத்தி மூன்று நாளைக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஹோட்டலில் காசைக் கொட்டக் கூடாதாம். அடுத்தவளுக்கு மணிக்கொரு தரம் வீட்டிலிருந்து போன்: குக்கர் கேஸ்கட் எங்கே? நான் மட்டும் யோக்கியமா? ஐந்து மணிக்கே எழுப்பி எல்லாரையும் டால்ஃபின் நோஸுக்கு இழுத்துப் போனேன். பனிமூட்டத்தில் எங்கள் காலே எங்களுக்குத் தெரியவில்லை. ஏரியில் யார் பெடல் மிதிப்பது என்று தொடங்கிய சண்டை இறங்கும்வரை ஓயவில்லை.

வீட்டில் கேட்டார்கள். பேசி வைத்துக்கொள்ளாமலே நால்வரும் சொன்னோம்: “சூப்பர்!”

அந்தப் பொய் தப்பா?

2006இல் குணா குகைப் பள்ளத்தில் ஓர் இளைஞர் விழுந்தார். நண்பர் உள்ளே இறங்கி மீட்டார். 2024இல் அது ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படமானது. நானும் கண்கலங்கித்தான் பார்த்தேன். உயிரே போகவிருந்த பயணம் ஆண்களுக்கு நட்பின் கதை. எங்கள் புளியோதரைச் சண்டையோ, “பொம்பளைங்க சேர்ந்து போனா இப்படித்தான்” என்பதற்குச் சாட்சி. அடுத்த பயணம் அதோடு ரத்து.

கேட்டதும் தண்டிப்பவரிடம் உண்மை சொல்லும் கடமை எனக்கு இல்லை என்றே நினைக்கிறேன். உறுத்துவது வேறு. எங்கள் வாட்ஸப் குழுவிலும் ‘சூப்பர்’ என்றே எழுதிக்கொண்டிருந்தோம். போன மாதம்தான் ஒருத்தி கேட்டாள்: “மூணாம் நாள் புளியோதரை ஊசிப்போச்சுல்ல?”

“அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி” என்றாள் கட்டிக்கொண்டு வந்தவள். “நானும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் சாப்பிட்டேன்.”