பிழை யாருடையது?

குடும்பப் படம் ஒன்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அதனை வெறும் அழகுப் பொருளாக நாம் கருதுவதில்லை. இன்னார் நம்மவர், இன்ன காலத்தில் இவ்வாறு இருந்தார் என்பதற்கு அது சாட்சி. சாட்சி என்று ஏற்ற ஒன்றை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்னும் வினா இங்கே எழுகிறது. நிக்காஹ், பெருநாள் போன்ற நாள்களில் எடுத்த படங்களில் முகத்தை வெளுப்பாக்குவதும், நிற்பவரை நீக்குவதும் இன்று கைப்பேசியிலேயே நொடியில் முடிந்துவிடுகின்றன. எளிதில் முடிகிறது என்பதாலேயே அச்செயல் நம் சிந்தனைக்குத் தப்பிவிடுகிறது.

திருத்தமே கூடாது என்று கூறுவாரும் உளர். கருவியும் பிழை செய்யும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். படக்கருவியின் ஒளிமானி, எதிரே உள்ள காட்சி மொத்தத்தில் நடுச்சாம்பல் அளவு ஒளியுடையது என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் துப்பட்டியுமாக ஒரு குடும்பம் நிற்கும்போது, அவ்வெண்மையை மிகையான வெளிச்சம் என்று கொண்டு அது ஒளியைக் குறைத்துவிடும். துணி சாம்பல் பூக்கும், முகங்கள் இருண்டுபோகும். முகத்தைக் கண்டறியும் புதிய கருவிகள் இக்குறையை ஓரளவே போக்கியுள்ளன. பச்சைச் சுவரின் அருகே நின்றால் கன்னத்தில் பச்சை படியும். மஞ்சள் விளக்கின் கீழ் நின்றால் எல்லோரும் மஞ்சளாவர். இவற்றைச் சரிசெய்தல் கடமையே.

கருவியின் பிழைக்குப் பின்னே மனிதரின் பிழை ஒளிந்திருந்த வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து வண்ண அச்சுக் கூடங்களுக்கு மாதிரி அட்டை ஒன்றை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக அமைந்தால் படம் சரி என்பதே அளவுகோல். ஆகவே வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் சேர்ந்து நின்ற படங்களில் கறுப்புக் குழந்தைகளின் முகச் சாயல் இருளில் கரைந்துபோயிற்று. கரும்பழுப்பு நிறங்களின் நுட்பம் படச்சுருளில் பதியவில்லை என்று மரச்சாமான் நிறுவனங்களும் சாக்லேட் நிறுவனங்களும் முறையிட்ட பின்னரே அக்குறை கவனிக்கப்பட்டது என்பதை, கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எடுத்துக்காட்டினார். மரமும் மிட்டாயும் பெற்ற நீதியை மனித முகம் முதலில் பெறவில்லை! பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. 2021இல் கூகுள் நிறுவனம் கருநிற முகங்களைச் செம்மையாகப் பதிவு செய்வதையே தன் கைப்பேசியின் சிறப்பாக விளம்பரம் செய்தது. நெடுங்காலம் தவறாயிருந்தது முகமன்று, அளவுகோலே என்பதை உலகம் மெல்ல ஒப்புக்கொண்டது.

அளவுகோல் திருந்தி வரும் காலத்தில் நம் இல்லங்களில் நடப்பது என்ன? கருவி உள்ளபடியே காட்டிய மாநிறத்தை, கருநிறத்தை, நாமே அழிக்கிறோம். இது புதிய பழக்கமன்று. கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே நெகட்டிவில் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்குவர். 1975இல் சிவப்பழகு தரும் என்று சந்தைக்கு வந்த களிம்பு, 2020இல் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறியது, மனம் மாறியதா?

நான்கு பெண்மக்கள் நிற்கும் படத்தில் ஒருத்தியின் முகம் மட்டும் வெளுப்பாக்கப்படுகிறது என்று கொள்வோம். அன்பினால்தான் அவள் உம்மா அவ்வாறு கேட்டிருப்பார். ஆயினும் அப்படத்தை நாள்தோறும் காணும் அப்பெண் என்ன கற்றுக்கொள்வாள்? அக்காள் தங்கையர் இருந்தபடியே சுவருக்குத் தகுந்தவர்கள், தான் மட்டும் திருத்தப்பட வேண்டியவள் என்றல்லவா? யாரும் வாய்திறந்து சொல்லாத அச்சொல்லை அப்படம் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நல்ல உடை உடுத்துவதும் சுர்மா இடுவதும் ஒப்பனைதானே, இதில் மட்டும் என்ன குற்றம் என்று கேட்கலாம். உடை, தானே விரும்பி அணிவது. அணிந்தவரும் தாமாகவே இருப்பார். பிறர் தீட்டும் நிறமோ அவரை வேறொருவராக்குகிறது. மணம் பேசுவதற்காக அனுப்பும் படமாயின் எதிர்வீட்டாரை ஏய்த்தலும் அதனுடன் சேர்கிறது. அவ்வேய்ப்பின் சுமை, படத்தை அனுப்பிய பெரியவர்கள் மீதன்றி, மணந்து செல்லும் பெண்ணின் மீதே விழும்.

இனி, படத்தில் ஆட்களை அமைக்கும் முறை. முதியோரை நடுவில் அமர்த்துவது மரியாதை; உயரமானோர் பின்னே நிற்பது வசதி. ஆனால் கைம்பெண்ணான மாமியும், வறுமைப்பட்ட உறவினரும், நிறம் குறைந்தவள் எனப்படும் பெண்ணும் எப்போதும் ஓரத்திலேயே நிற்க நேர்வது தற்செயலன்று. அகன்ற வில்லை ஓரத்தில் நிற்பவரின் உருவத்தை இழுத்துக் கோணலாக்கும். சட்டத்துக்கு அடங்கவில்லை என்று வெட்டும்போது முதலில் மறைபவரும் அவரே. படம் எடுப்பவர் சில அடிகள் பின்னே நகர்ந்தால் போதும். எல்லோரும் ஒழுங்காக அடங்குவர்.

ஆகவே எளியதோர் உரைகல் உண்டு. வெள்ளைத் துணி வெள்ளையாகவும், ஒவ்வொரு முகமும் நேரில் கண்டவாறும் தெரியும்வரை திருத்தலாம். நிழலில் நின்றவர் மீதிருந்து நிழலை விலக்கலாம். அதனைக் கடந்து, ஒருவரின் முகத்தைத் தேடிச் சென்று மாற்றும் கணத்தில், கருவியின் பிழையைத் திருத்துவதை விட்டு, மனிதரையே பிழையென்று தீர்ப்பளிக்கத் தொடங்குகிறோம். அத்தீர்ப்பு நம்முடைய அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.

நம் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் அப்படங்களின் முன் நின்று, தங்கள் மூக்கும் நெற்றியும் நிறமும் யாரிடமிருந்து வந்தன என்று தேடுவர். கருநிறத்துப் பேத்தி ஒருத்தி, தன்னைப் போன்ற ஒரு முகத்தை அங்கே காண வேண்டும். அவளுக்குரிய அந்தச் சாட்சியத்தை இன்றே அழித்துவிட நமக்கு உரிமையில்லை.