வால் பிடிக்கிற வேலை

மாட்டுக் கொட்டகைக்குத் தரை போடும்போதெல்லாம் ஒரே வழக்குதான். கழுவுகிறவனுக்கு வழவழப்பான சிமெண்டுத் தரை வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை வீசினால் சாணி, மூத்திரம் எல்லாம் வாய்க்காலுக்கு ஓடிவிடும். நிற்கிற மாட்டுக்கு அது ஆகாது. 400 கிலோ உடம்பு, ஈரத்தில் பின்னங்கால் இரண்டும் விரிந்து விழுந்தால் இடுப்பு போய்விடும். சில மாடுகள் மறுபடி எழுவதே இல்லை. சரி, கோடு கிழித்துச் சொரசொரப்பாக விடலாம் என்றால் கோட்டுக்குள் சாணி அடையும், தேய்க்கிறவன் இடுப்பு போகும். ஒரு பசுவுக்குக் கூரைக்குள் 3.5 சதுர மீட்டர், திறந்தவெளியில் 7 என்று இட அளவெல்லாம் பாடத்தில் உண்டு. கொட்டகை யாருடைய வசதிக்கு என்பதை மட்டும் அங்கே வேலை பார்க்கிறவன்தான் தினம் தினம் தீர்க்க வேண்டியிருக்கிறது.

கால்நடை மருத்துவக் கல்லூரியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். சினைப் பரிசோதனை கற்க வரும் பிள்ளைகள் தோள்வரை கையுறை மாட்டி, ஆசனவாய் வழியாகக் கைவிட்டுக் கருப்பையைத் தடவிப் பழக வேண்டும். புதுக் கைக்குக் கருப்பையும் தெரியாது, மூத்திரப் பையும் தெரியாது. மாட்டை இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் ஏற்றி, வாலை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்பது கொட்டகை ஆட்களான எங்கள் வேலை. சில கைகள் போய்வந்ததும் மாடு முதுகை வளைத்து முக்கத் தொடங்கும். மலக்குடல் காற்றை இழுத்து விறைத்துக்கொள்ளும். அப்புறம் யார் கைவிட்டாலும் ஒன்றும் அகப்படாது. கையுறையில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கு அந்த மாட்டை அவிழ்த்துவிட வேண்டியதுதான். ஆனால் வரிசை நிற்குமே! "அண்ணே, இன்னும் ஒரே ஒருத்தன்ணே..."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. நாளைக்கு ஏதோ ஒரு கிராமத்தில், ஒரே மாட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்குப் போகப்போகிறவன் அவன். இங்கே கை பழகாவிட்டால் அங்கே போய்ப் பழகுவான். இந்த மாடோ வைத்தியத்துக்கு வந்ததல்ல. அடுத்தவர் படிப்புக்காக நிற்கிறது. பழகுவதற்கென்றே பொம்மை மாடுகள் வந்துவிட்டன, நல்லது. முதல் தடுமாற்றங்களை அவை வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் சூடும் அசைவும் உள்ள உடம்பை என்றைக்காவது தொட்டுத்தானே ஆகவேண்டும்?

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் இருக்கிறது. பரிசோதனைக்குப் பிராணி வைத்திருக்கும் இடங்களில் நெறிமுறைக் குழுவும் உண்டு. குழு கூடுவது வேறு அறையில். முதுகு வளைவது முதலில் தெரிவது வால் பிடித்தவனுக்கு. அங்கே சம்பளம் குறைந்தவனும் அவன்தான். "போதும் சார்" என்று அவன் சொல்லலாமா கூடாதா என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் வராது.

அடுத்த பிள்ளையை விடுமுன் எங்கள் பக்கம் திரும்பி, "விடலாமாய்யா?" என்று கேட்கிற பேராசிரியர் ஒருவர் இருந்தார். வேண்டாம் என்றால் மறுபேச்சில்லை, மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லிவிடுவார். வரிசையில் மிஞ்சியவர்களுக்கு மறுவாரம் முதலிடம்.