மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

நெய்வேலிப் பக்கம் வரன் பேச்சில் 'பையன் என்எல்சி' என்று சொன்னால் போதாது. நிரந்தரமா, கான்ட்ராக்டா என்பது அடுத்த கேள்வி. 1956இல் தொடங்கிய அந்தப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் இரு வகைத் தொழிலாளரும் ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பதுண்டு. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் ஒருவர் நல்ல வரன். மற்றவர் 'சொல்லி அனுப்புகிறோம்'. குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பளச் சீட்டும் குவார்ட்டர்ஸும் மருத்துவ வசதியும்தான் வித்தியாசம். சிதம்பரம் நடராசர் கோயிலில் வரிசை தலைகீழ். தீட்சிதர்களில் மணமானவருக்கே பூசை உரிமை. மற்ற இடங்களில் வேலை கிடைத்தால் கல்யாணம். அங்கே கல்யாணம் ஆனால் வேலை.

மனிதரைப் பார்க்காமல் அவர் செய்யும் தொழிலைப் பார்த்து மனம் சாய்வது இழிவா? இழிவுதான் என்று சட்டென்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள்.

கடலூர்க் கரையில் தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ மீனவரைக் கட்டிக்கொள்ளும் பெண்ணுக்குக் கணவனோடு வேலையும் சேர்ந்தே வருகிறது. படகு கரைக்கு வந்ததும் ஏலம், கூடை, பஸ், சந்தை என்று அவள் நாள் ஓடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் அடுப்பெரியக் கடன் கேட்டு அலைவதும் பெரும்பாலும் அவள்தான். 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. இந்தக் கரையில் வாழ்க்கைப்படப் போகிறவள் தொழிலைப் பற்றி யோசித்தால் அதைப் பேராசை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. அவள் கேட்பது கௌரவத்தை அல்ல. தன் பகலும் இரவும் எப்படிக் கழியும் என்பதை.

நெய்தல் நிலத்துக்கு இது புதிய யோசனையும் அல்ல. நற்றிணையின் 45ஆம் பாடலில், ஊரிலிருந்து வந்த, தேருடைய செல்வனின் மகனிடம் தோழி பேசுகிறாள். நாங்கள் மீன் காயவைத்துக் காவல் காப்பவர்கள், எங்கள் மேல் புலால் வீசும், தள்ளி நில் என்கிறாள். உன் வாழ்வும் எங்கள் வாழ்வும் பொருந்தாது, எங்களுக்குள்ளேயே சிறந்த ஆண்கள் உண்டு என்றும் சொல்லிவிடுகிறாள். தொழிலால் தாழ்ந்ததாக எண்ணப்படும் பக்கம்தான் அங்கே உயர்ந்தவனை எடைபோடுகிறது. சுமக்கப் போகிறவளின் பக்கம் நின்று கேட்பதால் தொழிலைப் பற்றிய கேள்வி அங்கே கூசுவதில்லை.

கூச வேண்டிய இடங்கள் வேறு. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் கடைமடைப் பக்கம், விவசாயம் பார்க்கும் மகனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று புலம்பும் அப்பாவே தன் மகளுக்கு உழவன் வேண்டாம், கவர்ன்மெண்ட் மாப்பிள்ளை வேண்டும் என்கிறார். நர்ஸ் மருமகளின் சம்பளம் வேண்டும், நைட் டூட்டி வேண்டாம் என்கிற வீடுகளும் உண்டு. வேலையின் வரவை எடுத்துக்கொண்டு வேலையைத் தள்ளிவைப்பது நேர்மையான கணக்கல்ல.

இன்னொரு நேர்மையின்மை இவற்றைவிடக் கொடியது. 'நல்ல வேலையில் இருந்தால் போதும்' என்று சொல்லும் குடும்பங்கள் தரும் பயோடேட்டாவில் படிப்புக்கும் சம்பளத்துக்கும் முன்னால் சாதி, உட்பிரிவு என்று வரிகள் இருக்கின்றன. அந்த வரி பொருந்தாதபோது நல்ல வேலைக்கும் நல்ல படிப்புக்கும் என்ன மதிப்பு என்பதை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசன் தலித்; கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டதாரி. சிப்காட்டில் ரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கும் மாவட்டத்தில், வேலையும் படிப்பும்தான் அளவுகோல் என்றால் இதைவிடத் தோதான படிப்பு எது? அவரைக் காதலித்த கண்ணகி வன்னியர். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று கண்ணகியின் குடும்பத்தார் இருவருக்கும் நஞ்சு புகட்டிக் கொன்று எரித்தார்கள். 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும் 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் 2022இல் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தண்டனைகளை உறுதிசெய்தது.

பொருந்தாத வேலைக்காரனைத் தேர்ந்துவிட்டாள் என்று கண்ணகியைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. எடைபோட வேண்டியவள் எடைபோட்டு முடித்திருந்தாள். அந்த எடையைச் செல்லாது என்று தள்ளியவர்களுக்கு வேலையோ வருமானமோ ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ஆகவே ஒரு வரனின் தொழிலைக் குறை சொல்லி மறுக்கும் குடும்பத்திடம் ஒன்றைக் கேட்கலாம்: இதே தொழில் செய்யும் உங்கள் சாதிப் பையன் என்றால் என்ன சொல்வீர்கள்? பதில் மாறினால், அவர்கள் பேசியது தொழிலைப் பற்றி அல்ல.

பெற்றவர்களுக்குக் கவலை இருக்கக் கூடாதா என்று கேட்பார்கள். இருக்கட்டும். கவலை மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கும், வேலை பார்க்கும் இடத்தில் போய் விசாரிக்கும், மகளிடம் பத்து முறை புத்தி சொல்லும். கேட்காவிட்டால் கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராமலும் இருக்கும். முதல் பிரசவத்துக்கு எப்படியும் வந்து நிற்கும்.