வரையாடும் ஆகாயத்தாமரையும்



தேரூர், சுசீந்திரம் பக்கம் போய் வருகிறவர்கள் குளங்களிலே ஊதாப் பூவோடு மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைக் காணாதிரார். அதே கரையில் நின்று வடக்கே நிமிர்ந்தால் மகேந்திரகிரி தெரியும். இம்மலைத்தொடரின் புல்வெளிப் பாறைகளில் வாழும் பிராணி வரையாடு. அதைக் கண்டவர் நம் பங்கில் எத்தனை பேர்? நானும் கண்டதில்லை.

இரண்டும் சர்வேசுரனின் சிருஷ்டியே. வரையாடு நீலகிரி முதல் நம் தென்கோடி மலைகள் வரையிலன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. 2025-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்தவை 1,303. தாய் ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும். அதற்கும் சிறுத்தையும் செந்நாயும் காத்திருக்கும். ஆகாயத்தாமரையோ தென் அமெரிக்காவிலிருந்து பூவழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அழுக்குத் தண்ணீர் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும்.

ஆகாயத்தாமரை பாவம், வரையாடு புண்ணியம் என்று பிரசங்கிப்பது எளிது. சென்ற ஆண்டு நானும் அப்படியே செய்தேன். பூசை முடிந்ததும் வயல்காரப் பெரியவர் ஒருவர் வந்து, "சாமி, அந்தச் செடி பொறந்த ஊருல அடங்கித்தானே கெடந்திருக்கும்? இஞ்ச அதுக்குச் சோறு போடுதது ஆரு?" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

அவர் சொன்னது மெய். பிறந்த நாட்டில் அதைத் தின்று அடக்கும் வண்டுகள் உண்டு. 1980-களில் அவற்றை நம் நாட்டிலும் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் வயலிலிருந்து வழியும் உரமும் வீட்டுச் சாக்கடையும் அச்செடியை ஊட்டி வளர்க்கின்றனவே! என் அறைவீட்டுக் கழிவுநீரும் அந்த ஓடைக்குத்தான் போகிறது. மலைமேல் சீகையும் தைலமரமும் நட்டுப் புல்வெளியைக் குறைத்ததும், துப்பாக்கி தூக்கியதும் மனிதரே அன்றோ?

யோபு ஆகமத்தில், மலையாடு ஈனும் காலத்தை நீ அறிவாயோ என்னும் பொருளில் ஆண்டவர் வினவுவதை வாசித்திருப்பீர்கள். மனிதனின் அறியாமையை உணர்த்தும் கேள்வியென்றே நெடுநாள் விளக்கி வந்தேன். இன்றோ வனத்துறையார் மலையேறி, குட்டிகளையும் சேர்த்து எண்ணி எழுதி வைக்கிறார்கள். தெரியாது என்று இனி ஆண்டவரிடம் சொல்ல நமக்கு வாயில்லை.

வருகிற சனிக்கிழமை காலைப் பூசைக்குப்பின் அறைவீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி தோண்டுகிறோம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். இடம் பார்த்துச் சொல்ல அந்தப் பெரியவர் வருகிறார்.