மழைக்கு முன் ஒரு பணிவிடை

அன்புக்கொடி மக்களே, ஐப்பசி பிறந்துவிட்டது. இனி கார்த்திகை முடியும்வரை மழைதான். கார்த்திகையில் சாமிதோப்புப் பதியில் 17 நாள் திருஏடு வாசிப்பும் வருகிறது. அதற்கு முன் நம் வீட்டுப் புறவாசலில் ஒரு சிறு பணிவிடை காத்திருக்கிறது. மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, ஏணி எல்லாவற்றையும் மழைக்காலத்துக்குச் சரிசெய்து வைக்கும் வேலை அது.

இதில் பக்தி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம்.

ஓர் ஊரில் ஓர் அன்பர் இருந்தார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லமாட்டார். தாங்கலுக்கும் தவறாமல் வருவார். ஆனால் வேலை முடிந்ததும் மண்வெட்டியை ஒட்டிய மண்ணோடு மூலையில் சாத்திவிடுவார். கோடை வெயிலில் ஆப்பு சுருங்கி, காம்பு ஆடத் தொடங்கியது. "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிட்டார்.

ஒரு கார்த்திகை இரவு, அடைமழை. அடுத்த வீட்டில் கணவரை இழந்த ஓர் அம்மாளும் மகனும் இருந்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. பள்ளியில் படிக்கும் அந்தப் பையன் ஓடிவந்து, "மாமா, மம்பட்டி தாங்க, தண்ணி போக வழி வெட்டணும்" என்றான். அன்பர் உடனே எடுத்துக் கொடுத்தார். நாலாவது வெட்டில் தகடு கழன்று பையனின் காலில் இறங்கியது.

அந்தத் தாய் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. மறுநாள் காலையில், கழன்ற தகட்டையும் காம்பையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அன்பருக்கு அதுதான் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு நெற்றியில் நாமத்தோடு தாங்கலில் கண்ணாடி முன் நின்றபோது, தன் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர் கொடுத்தது தர்மம்தான். ஆனால் கேட்டதைக் கொடுப்பதோடு தர்மம் முடிந்துவிடுகிறதா? வாங்குகிறவர் நம்மை நம்பி வாங்குகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதும் தர்மத்தில் சேர்ந்ததே.

துவையல் தவசில் அய்யா 700 குடும்பங்களுக்கு எதைக் கற்பித்தார்? குளிப்பதையும் துவைப்பதையும் தவமாகச் செய்யக் கற்பித்தார். அன்றாட வேலையே அங்கே தவமாயிற்று. உடுக்கும் துணிக்கு உள்ள தூய்மை, உழைக்கும் கருவிக்கும் வேண்டாமா?

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். மண்ணைச் சுரண்டிக் கழுவி வெயிலில் காயவையுங்கள். துருவைத் தேய்த்து எடுத்து, இரும்பில் எண்ணெய் தடவுங்கள். காம்பு ஆடினால் புது ஆப்பு இறுக்குங்கள். விரிசல் கண்டால் காம்பையே மாற்றுங்கள். ஏணியின் ஒவ்வொரு படியையும் அசைத்துப் பாருங்கள். மருந்து தெளிப்பானை வயலிலேயே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கழுவிய நீர் கிணற்றிலோ வாய்க்காலிலோ சேரக்கூடாது. பனையேறும் வீடுகளில் பாளை அரிவாளைத் தீட்டித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள், பார்த்துப் பழகட்டும்.

அந்த அன்பர் இன்றும் ஐப்பசி பிறந்ததும் தன் மண்வெட்டியை எடுக்கிறார். அதற்கு முன் அடுத்த வீட்டு மண்வெட்டிக்கு ஆப்பு இறுக்கிவிட்டுத்தான் வருகிறார்.

அய்யா உண்டு!