முறைத் தண்ணீரும் கட்டைவிரலும்

2001 அக்டோபரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய முதல் ஐபாடின் முகப்பில் ஒரு சக்கரம் இருந்தது. கட்டைவிரலால் சுற்றினால் ஆயிரம் பாட்டுகளின் பட்டியல் மேலும் கீழும் ஓடும். அடுத்த ஆண்டே சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டது. விரல் வழுக்கிக்கொண்டு போகும் தொடுவட்டமாக மாறியது. எளிய சங்கதிதான், ஆனால் அதைச் சுற்றி நடந்த வழக்குகள் எளியவை அல்ல. கையடக்கக் கருவியில் பாட்டுகளை அடுக்கடுக்கான பட்டியலாகத் தேடும் முறைக்குச் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 2005இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. மறு ஆண்டே ஆப்பிள் 10 கோடி டாலர் கொடுத்து உரிமம் பெற்றுக்கொண்டது. தொடுசக்கரத்தின் அமைப்பு தன்னுடையது என்று வழக்காடிய ஜப்பானியர் ஒருவருக்கு 33 கோடி யென் கொடுக்கும்படி 2013இல் டோக்கியோ நீதிமன்றம் ஆப்பிளுக்கு உத்தரவிட்டது. ஆப்பிளால் கொடுக்க முடியும். பத்துப் பேர் வேலைபார்க்கும் பட்டறை இந்தத் தொகைகளைக் கேட்டதுமே இப்படியொரு கருவி செய்யும் எண்ணத்தையே விட்டுவிடும். விரல் வட்டமிடும் ஒரு முறையை ‘எனது’ என்று சொல்லலாமா என்பதைச் சட்டக் கேள்வியாக மட்டும் பார்ப்பது போதாது. யான், எனது என்ற பற்றையே உயிரின் நோயாகக் கண்ட சைவ சமயம் திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் மடம் அமைத்து வளர்ந்த காவிரிப் படுகையில் அதற்கு வேறொரு விடையும் இருக்கிறது.

உயிருக்குச் சொந்தம் எது என்று சைவ சித்தாந்தத்திடம் கேட்டால், தனு, கரணம், புவனம், போகம் நான்கும் இறைவன் கொடுத்தவை என்று சொல்லும். உடம்பும், மனம் முதலிய கருவிகளும், வாழும் உலகும், நுகர்வனவும் ஆணவத்தின் பிடி தளர்வதற்காகக் கிடைத்தவை. உயிர் ஈட்டியவை அல்ல. காப்புரிமைக்காக வாதாடுவோர் பெரும்பாலும் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கைத் துணைக்கு அழைப்பார்கள்: என் உடம்பு என்னுடையது, ஆகவே என் உழைப்பு என்னுடையது, ஆகவே உழைப்புக் கலந்த பொருளும் என்னுடையது. சித்தாந்தம் இந்த ஏணியின் முதல் படியையே எடுத்துவிடுகிறது. அதற்காக அவசரப்பட்டு வெற்றி கொண்டாட வேண்டியதில்லை. செய்த வினையின் பயன் செய்தவரைச் சேரும் என்பதும் அதே சித்தாந்தம்தான். நுகர்ச்சியை அது மறுக்கவில்லை. வினை தீர்ந்தால் போகமும் தீரும் என்கிறது. லாக்கும் நிபந்தனை இல்லாமல் பேசியவர் அல்லர். மற்றவர்களுக்கும் போதுமானது, அதே தரத்தில், மிஞ்சியிருக்க வேண்டும் என்றார். உள்ளங்கையில் அடங்கும் கருவியில் கட்டைவிரல் செய்யக்கூடியவை நாலைந்து அசைவுகள். அவற்றுள் ஒன்றை ஒருவர் வளைத்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன?

‘நம் மரபு அறிவை எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தது, பூட்டுப் போட்டது மேற்கு’ என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். அது உண்மையல்ல. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள், சிலையின் உயரத்துக்கு நறுக்கிய தென்னை ஓலையை மடித்து மடித்து அங்க அளவுகளை எடுப்பார்கள். அந்த மடிப்பைப் பார்த்து மெழுகு உரு பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிச் சூளையில் மெழுகை உருக்கி வடிப்பார்கள். ஓலைக்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் எந்த மடிப்பு எந்த அங்கம் என்பது பல தலைமுறைகளாகப் பெரும்பாலும் ஸ்தபதி குடும்பங்களைத் தாண்டிப் போகவில்லை. பிறப்பைப் போல உறுதியான பூட்டு எந்தக் காப்புரிமை அலுவலகத்திலும் இல்லை. திருமுறைகண்ட புராணம் சொல்வதையும் எண்ணிப் பார்க்கலாம். தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகள் கிடந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள். ராஜராஜன் என்று மரபு சொல்லும் சோழன் மூவரின் திருமேனிகளையே எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைத்தான். உள்ளே கறையான் புற்று. வரலாற்றாசிரியர்கள் இதைப் புனைவு என்று ஒதுக்கலாம், ஆனால் சைவர்களே தங்கள் வேதத்தைப் பற்றி இப்படியொரு கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது சாதாரணமல்ல. உடையவர் வராமல் திறக்கமாட்டோம் என்ற நிபந்தனைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரும்பகுதிப் பதிகங்கள்.

இந்த இடத்தில் காப்புரிமைக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குலரகசியத்தைப் போலல்லாமல், அது செய்முறையை ஊரறிய எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. பதிலுக்குச் சில ஆண்டு உரிமை தருகிறது. ஜப்பானிய வழக்கில் பயன்பெற்றவர் ஒரு தனிமனிதர் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே உரிமையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் டெல்டாவில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். முறை வந்தவர் மடையைத் திறந்து வயிறாரப் பாய்ச்சிக்கொள்ளலாம்; யாரும் கேட்க முடியாது. ஆனால் முறைக்குப் பட்டா கிடையாது, வாய்க்காலும் அவருடையதல்ல. அறிவின் மேல் ஒருவருக்கு நியாயமாக இருக்கக்கூடிய உரிமை இவ்வளவுதான். லாபத் தூண்டுதல் இல்லாமல் யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு ஆடுதுறையைக் காட்டலாம். 1922இல் தொடங்கிய அந்த நெல் ஆராய்ச்சி நிலையம் பொதுப்பணத்தில் கொடுத்த ரகங்களைக் குறுவைக்கும் தாளடிக்கும் நட்டே டெல்டா அறுத்திருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாவில் பாரம்பரிய நெல் 2 கிலோ வாங்கியவர் மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும். இதுவும் நிபந்தனை போட்ட உரிமம்தான். வாங்குபவரின் எண்ணிக்கை கூடக் கூட விதையும் கூடுகிறது, அவ்வளவே வித்தியாசம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவும், பதிவான ரகத்தின் விதையைக்கூட விவசாயி சேமித்து விதைக்கவும் பகிரவும் இடம் விட்டிருக்கிறது. அதை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே தடுக்கிறது.

அப்படியானால் சண்டை, முறை எவ்வளவு நேரம் என்பதில்தான். நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959இல் கொடுத்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டினரிடம் இருப்பதையும், அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே பயன்படுத்தப்படாமலே கிடப்பதையும் எடுத்துச் சொன்னது. தானும் பாய்ச்சாமல் அடுத்தவரையும் பாய்ச்சவிடாத தலைமடைக்காரர்கள் அவர்கள். அந்த அறிக்கையிலிருந்து பிறந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் உணவு, மருந்துச் செய்முறைகளுக்கு அதிகபட்சம் 7 ஆண்டும் மற்றவற்றுக்கு 14 ஆண்டும் வைத்தது. குறுவைக்கும் சம்பாவுக்கும் ஒரே கணக்கில் தண்ணீர் விடக் கூடாது என்ற விவேகம் அதில் இருந்தது. பிறகு உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக எல்லாவற்றுக்கும் 20 ஆண்டு என்று ஆக்கிக்கொண்டோம். ஐபாடுக்கே திரும்பினால், கிரியேட்டிவ் தன் அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 2001 ஜனவரியில். 20 ஆண்டு முடிந்தது 2021இல். சக்கரம் வைத்த கடைசி ஐபாடை ஆப்பிள் 2014லேயே நிறுத்திவிட்டது. கடைமடைக்கு முறை வரும்போது பயிரே இல்லை. அவ்வளவு காலம் நிலைக்காத கருவிகளுக்கு 20 ஆண்டு உரிமை கொடுப்பது அநியாயம். பொருளுக்குத் தக்க கால அளவு வேண்டும் என்று இந்தியா மறுபடியும் கேட்க வேண்டும்.