பொற்கிண்ணமும் மாங்கூழும்



சேரி நாட்டு வணிகர் இருவர் தேலவாஹ நதியைக் கடந்து, ஆந்திரர் நகரென்று கருதப்படும் அந்தபுரத்துக்கு வந்த கதை ஜாதகங்களுள் மூன்றாவதாக உள்ளது. வறுமையுற்ற கிழவி ஒருத்தி அழுக்கேறிய பழங்கிண்ணத்தை முதல் வணிகனிடம் காட்டினாள். அவன் ஊசியாற் கீறிப் பார்த்துப் பொன்னென அறிந்தான். அறிந்தும், அரைக்காசும் பெறாதென்று எறிந்து சென்றான். பின்வந்த போதிசத்துவரோ அதன் விலை 1,00,000 என்று உரைத்துத் தம்மிடமிருந்த 500 காசையும் அவ்வளவு பெறுமான சரக்கையும் அளித்து, 8 காசு மட்டும் வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டார். அவர் கொடுத்ததும் குறைந்த விலைதானே என்பார் உளர். ஆயினும் மெய்விலையை மறையாது கூறினார், இயன்றதனைத்தும் தந்தார், அவளும் அறிந்தே இசைந்தாள்.

அந்த ஆந்திர நாட்டில், 2022 வரை ஒரே மாவட்டமாயிருந்த சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இன்று மாங்கூழ் ஆலைகள் பல உள. கிளிமூக்கு மாம்பழத்தைப் பழுக்கவைத்துக் கழுவி, கொட்டை நீக்கிக் கூழாக்கி, சூடேற்றிக் கிருமியகற்றிப் பீப்பாய்களில் அடைத்து, வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகின்றனர். கடல்கடந்த கூட்டாளி இனிப்பளவு, புளிப்பளவு, பூச்சிமருந்தின் எச்சம் ஆகிய யாவற்றையும் சோதித்துச் சான்று கேட்கிறார். பழம் விளைவித்தவன் பெற்ற விலை யாதென்று கேட்பவர் அரியர்.

2025-ஆம் ஆண்டில் விளைச்சல் பெருகிற்று. முந்தைய ஆண்டின் கூழோ விற்காது தேங்கிநின்றது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு வகுத்தது. அவ்வெட்டு ரூபாயும் முழுதாகக் கிட்டவில்லையென உழவர் முறையிட்டனர். பழங்களைச் சாலையிற் கொட்டினோரும் உண்டு.

ஆலையாளர் அனைவரையும் பேராசை வணிகராக நாம் எண்ணவில்லை. கிடங்கிற் பீப்பாய் முடங்க, வங்கி வட்டி நாள்தோறும் ஏறுகிறது. ஆனால் கிடங்கில் எத்தனை பீப்பாய் உள்ளது, அயல்நாட்டிலிருந்து எவ்வளவு கேட்பு வந்துள்ளது என்பதைப் பறிப்புக்கு முன்னரே ஆலையாளர் அறிவார். உழவனோ பறித்த பழத்தை வண்டியில் ஏற்றி ஆலை வாயிலில் நிற்கும்போதே அறிகிறான். பறித்த பழம் நெடுநாள் தாங்காது. அந்நிலையில் அவன் சரக்கைத் தாழ்த்திப் பேசி விலைகுறைப்பது அந்த ஊசிக் கீறலன்றி வேறென்ன?

ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு எனப் பகவான் விலக்கிய ஐந்து வணிகங்களுள் மாங்கூழ் இல்லையே என்று அமைதியடைதல் போதாது. வஞ்சனையையும், பிறரை இழித்துரைப்பதையும், இலாபத்தால் இலாபம் நாடுவதையும் தீய சீவனமென்றே மஜ்ஜிம நிகாயம் எண்ணுகிறது.

சிற்றாலை ஒன்று தனித்து நின்று அயல்நாட்டாரிடம் நிபந்தனை பேசினால், கேட்பு அடுத்த ஆலைக்குப் போய்விடும் என்னும் அச்சம் பொய்யன்று. ஆகவே ஆலைகள் கூடிப் பேசல் வேண்டும். மாமரம் பூக்கும் காலத்திலேயே கையிருப்பையும் கேட்பையும் தாமலச்செருவு போன்ற சந்தைகளில் எழுதி ஒட்டலாம். குறைந்த விலையை முன்னரே ஒப்பந்தத்தில் எழுதலாம். பூச்சிமருந்துச் சான்று கேட்கும் கூட்டாளியின் கடிதத்தோடு, உழவனுக்குப் பணம் கொடுத்த எடைச்சீட்டின் நகலையும் வைத்தனுப்பலாம். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.